கருப்பசாமியின் கண்மலர்

கம்பெனி வேலிக்கு வெளியே உடைமரத்தடியில் இருந்த கருப்பசாமிக் கல்லிலிருந்து வெள்ளிக் கண்மலர் இரண்டும் காணாமல் போன அன்று காலையில், முதலில் கல்லைப் பார்த்தவர்கள் அடுத்ததாக என்னைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி பாக்கியில்லை. நானும் திருப்பிப் பார்த்தேன். எனக்கென்ன, எவள் வீட்டுச் சொத்தையாவது நான் தின்றேனா? முறைத்தால் முறைப்பேன். அது என் பிறவிக் குணம். ஞானஸ்நானத் தண்ணீரில்கூட அது கழுவிப் போகவில்லை.

அது அறுபத்தொன்றாம் வருசம், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் பட்டாசுக் கம்பெனி. சீசன் தொடங்கும்போது கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்து, விளக்கி மினுக்கின கண்மலரைச் சாமிக்குக் கண்ணாய்க் கல்லில் மெழுகால் ஒட்டிய பிறகுதான் வெடிமருந்து கலக்க ஆரம்பிப்பார்கள். சாமி கண்ணைத் திறந்துகொண்டு காவல் இருக்கிறது, தீ நம்மை அண்டாது என்று அங்கே எல்லாருக்கும் நம்பிக்கை. இப்போது கல்லில் மெழுகு ஒட்டியிருந்த இடம் மட்டும் வெறுமையாய்த் தெரிந்தது. "சாமிக்கே கண்ணு போச்சே, இனி நம்மள யாரு பாக்கப் போறா" என்று எங்களோடு வேலை பார்க்கும் அய்யம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு மருந்துக்கு முன்னால் உட்காரவே பொம்பளைகள் பயந்தார்கள்.

என்னைச் சந்தேகப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நான் இருளம்மாளாய்ப் பிறந்தவள். அந்தக் கருப்பசாமி என் பிறந்த வீட்டுக்கே குலசாமி. மூன்று வருசத்துக்கு முன்னால் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு சுகிர்தம் என்று பெயர் வாங்கினேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமை பூசைக்கு நிற்பதில்லை, திருநீறு பூசுவதில்லை, சாமிப் பொங்கலை நீட்டினால் கும்பிட்டு மறுத்துவிடுவேன். என்னைச் சீண்ட வேண்டுமென்றால் இன்னமும் "ஏ இருளாயி" என்றுதான் கூப்பிடுவார்கள். "சாமிக்குப் பயப்படுறவ அதுல கை வைப்பாளா? பயம் விட்டுப்போனவதான் வைப்பா" என்று என் காதுபடவே பேசினார்கள். நியாயமான பேச்சுதான். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அடுத்த நாள் நான் உட்காரும் பலகைக்கு அடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். நான் தண்ணீர் மோந்த குவளையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. புதன்கிழமை மருந்து அடைக்கும்போது பொறி தட்டி ஒருத்திக்கு இரண்டு விரல் வெந்துபோனது. சீசனில் அது நடக்கிறதுதான். ஆனால் அன்றைக்கு வெந்த கையை யாரும் பார்க்கவில்லை. ஷெட்டே திரும்பி என்னைப் பார்த்தது.

நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம். பூசைச் சாமானெல்லாம் போர்மேன் சோலைமலை பொறுப்பில்தானே இருக்கிறது, அவர் ஏன் இத்தனை கத்துகிறார்? அய்யம்மாள் அளவுக்கு மீறி அழுகிறாளே, எதற்கு? எவளாவது கொண்டையில் கை வைத்தால் அதற்குள் எதை ஒளிக்கிறாள் என்று பார்த்தேன். ராத்திரி கண்ணை மூடினால் ஒவ்வொரு முகமாய் வந்து நின்றது. ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இதுதான் என்னை ரொம்பவும் வாட்டியது.

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் பஞ்சம்மாள். எனக்கு எதிரே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். சாமிக்கு அவளைப்போல் பயப்படுகிறவள் கம்பெனியில் கிடையாது. வெள்ளிக்கிழமை விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் அந்த வாரம் என்னைவிட்டு இடம் மாறி உட்காரவில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த மிளகாயையும் எனக்கு நீட்டினாள். ஊரே ஒதுக்கினாலும் ஒருத்தியாவது நம்மை நம்புகிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது.

வியாழக்கிழமை வேலை விடும்போது சோலைமலை எல்லாரையும் நிறுத்தினார். "நாளைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சதும் எல்லாரும் கருப்பன் முன்னால சூடம் அணைக்கணும். அணைச்சவ உள்ள இருக்கலாம். அணைக்காதவ தூக்குச்சட்டிய எடுத்துட்டுப் போயிரலாம். மொதலாளி சொல்லியாச்சு."

எங்கள் பக்கத்தில் களவு போனால் போலீஸுக்கு முன்னால் சூடத்தைத்தான் தேடுவார்கள். சாமிக்கு முன்னால் சூடம் கொளுத்தி, 'நான் எடுக்கலை' என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைக்க வேண்டும். பொய்யாய் அணைத்தவள் குடும்பம் விளங்காது. அதனால் களவாண்டவள் எவளும் சூடத்துக்குக் கை நீட்டமாட்டாள். கை நீட்டாதவள்தான் கள்ளி. இதற்கு மேல் விசாரணை கிடையாது.

வீட்டுக்கு வந்தால் என் புருசன் மொக்கைச்சாமிக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. விருதுநகருக்கு வத்தல் மூட்டை ஏற்றிப் போகும் வண்டிக்காரர். சர்ச்சுக்கு வரமாட்டார், என்னைப் போக வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பேசினார்.

"நாளைக்குப் போயி அணைச்சிட்டு வந்துரு. நீதான் எடுக்கலயே, ஒனக்கென்ன?"

"அணைக்க மாட்டேன்."

"ஏன்? கை சுடும்னா?"

"வானத்து மேலயும் பூமி மேலயும், ஏந் தல மேலயும்கூடச் சத்தியம் பண்ணாதன்னு ஆண்டவரு சொல்லியிருக்காரு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அம்புட்டுத்தான். அதுவும் அந்தக் கல்லு முன்னால நின்னு 'நீ பாத்து எனக்கு நியாயம் சொல்லு'ன்னு கேட்டா, மூணு வருசமா நான் முழங்கால் போட்டதெல்லாம் என்னத்துக்கு?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏளா, நமக்குள்ள இருக்கட்டும். நெசமாவே நீ எடுக்கலதான?" என்று கேட்டார்.

ஊரே கேட்டதைத் தாங்கிக்கொண்டேன். அவர் கேட்டது மாத்திரம் நெஞ்சில் போய்த் தைத்தது. அன்று ராத்திரி நான் செய்தது ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியாது. 'ஆண்டவரே, அத்தனை பேரையும் விட்டுவிட்டு உம்மைப் பிடித்தேன், இப்போது பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படி? ஒரு வார்த்தை சொல்லும்' என்று கோபமாய்க் கேட்டேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பினேன்.

வழியில் பஞ்சம்மாள் சேர்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்திருந்தாள். "நீயும் கொஞ்சம் வச்சுக்கக்கா" என்று ஒரு துண்டு கிள்ளி நீட்டினாள். எனக்கு இருந்த மனசில் பூ ஒரு கேடா என்று மறுத்துவிட்டேன். என்றைக்கும் இல்லாத அவசரத்தில் முன்னால் முன்னால் போனாள். கம்பெனிக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று நின்றுவிட்டாள். கருப்பசாமிக் கல்லுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் சங்கிலிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லுக்குக் காவல் போட்டிருந்தார் போர்மேன். பஞ்சம்மாள் கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஷெட்டுகளுக்குத் தள்ளி, வேலிக்கு வெளியே கல்லுக்கு முன்னால் வரிசை நின்றது. சாமி எல்லைக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார்கள். மருந்துக் கையோடு சூடத்தைத் தொட்டால் கையே எரிந்து போகும். அதனால் ஒவ்வொருத்தியும் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, போர்மேனிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அய்யம்மாள் முதலாவதாகப் போய், "நான் எடுக்கல சாமி" என்று அலறிக்கொண்டு அமுக்கினாள். அடுத்தவள் போனாள். அதற்கடுத்தவள் போனாள். ஒவ்வொருத்தியும் அணைத்துவிட்டு வந்து, என்னைப் பார்க்க வசதியான இடமாய்ப் பார்த்து நின்றுகொண்டாள்.

பஞ்சம்மாள் முறை வந்தது. அவள் வாளிக்குப் பக்கத்திலேயே வரவில்லை. பாதையோரத் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி, "எனக்குத் தீட்டு" என்றாள்.

சோலைமலை கூச்சத்தோடு முகத்தைத் திருப்பி, "சரி சரி, அங்கனயே நில்லு" என்று கையை ஆட்டினார். மாதத் தீட்டுக்காரி சாமி எல்லைக்குள் வரக் கூடாது, அது எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஒரு ஆம்பளை அதற்கு மேல் என்ன கேட்பார்? அவளை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடுத்தது நான்.

"வா இருளாயி, கையக் கழுவு."

"எம் பேரு சுகிர்தம். நான் எடுக்கல அண்ணாச்சி. ஆனா சூடம் அணைக்க மாட்டேன்."

தேன்கூட்டில் கல் விட்டதுபோல் ஒரு இரைச்சல். சோலைமலை கையைத் தூக்கி அடக்கினார். மோசமான மனுசன் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "சரித்தா, எங்க சாமி ஒனக்கு ஆகாது. நாளைக்கு ஒங்க வேதப் பொஸ்தகத்தக் கொண்டாந்து, அது மேலயாவது அடிச்சுச் சத்தியம் பண்ணுதியா? நான் மொதலாளிகிட்டப் பேசிக்கிடுதேன்."

"அதுவும் மாட்டேன். எதும் மேலயும் சத்தியம் பண்ணக் கூடாது எங்களுக்கு. நான் இல்லன்னா இல்லதான்."

"பாத்தீகளா!" என்று அய்யம்மாள் குதித்தாள். "இவ கும்புடுற சாமி மேலயே கை வைக்கப் பயப்படுதா! இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. என்ன சொன்னாலும் அது சூடத்தில் எண்ணெய் ஊற்றின மாதிரிதான் ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சோலைமலை பெருமூச்சு விட்டார். "வேல விடுற வரைக்கும் யோசி. மணி அடிச்சதும் இதே எடத்துல கேப்பேன். அணைக்கிறியா, போறியா, ரெண்டுல ஒண்ணு."

முகம் கழுவலாம் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் போனேன். அழுகையாய் வந்தது, அதை அந்தக் கூட்டத்துக்குக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. அங்கே சகதியில் ஏதோ சிவப்பாய்க் கிடந்தது. கசக்கி எறிந்த கனகாம்பரம். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் தீட்டானவள் தலையில் பூ ஏறாது. காலையில் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தவள், நடுவில் கழற்றி இங்கே வீசியிருக்கிறாள். இத்தனை பேர் இருந்தும் யாரும் கவனிக்கவில்லையே என்றால், எல்லார் கண்ணும்தான் என் மேல் இருந்ததே!

பஞ்சம்மாள் தொட்டியின் மறுபுறம் சாய்ந்து நின்றாள். பூவை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஒனக்கு எப்படீ தீட்டாச்சு? பூவ வச்சதுக்கு அப்புறமா, சூடத்தப் பாத்ததுக்கு அப்புறமா?"

அவள் அப்படியே என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "திருடலக்கா. சத்தியமா திருடல. சாமிகிட்ட இரவல் கேட்டுத்தான் எடுத்தேன்."

அவள் மகள் மூக்கம்மாளுக்கு ஒரு கண் வெள்ளையாய்ப் பூத்துப்போய்ப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது எனக்கும் தெரியும். குறி சொல்கிறவள் ஒருத்தி, கருப்பன் கண்மலரைக் கழுவின தண்ணீரை ஊற்றினால் பார்வை திரும்பும் என்று சொல்லியிருக்கிறாள். இவள் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, உத்தரவு கேட்டு, இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் விடியுமுன் ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்தவள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அசந்துபோயிருக்கிறாள். அதற்குள் ஊர் கூடிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா என்ன, கூறுகெட்டவளே?"

"சீசன்ல எவன் லீவு தருவான்?" என்று அழுதாள். "பொய்யா சூடம் அணைச்சா எம் மவளுக்கு இருக்குற ஒரு கண்ணும் போயிரும்க்கா. நெசத்தச் சொன்னா, சாமி கண்ணப் புடுங்கினவன்னு ஊரு என்னையக் கொன்னு போடும். யக்கா, நீ அணைச்சிரு. நீ எடுக்கலயே, ஒனக்கு ஒண்ணும் ஆகாது. நீயும் அணைச்சிட்டா வெளியாளு எவனோன்னு விட்டுருவாக. ராத்திரிக்கு ராத்திரி நான் கல்லுலயே வச்சிருவேன். ஒரு நிமிசம் கைய வச்சு எடு. எனக்காகச் செய்யி."

அவள் மிளகாய் நீட்டினதும், இடம் மாறாமல் உட்கார்ந்ததும் எதற்கென்று இப்போது புரிந்தது. ஓங்கி ஒரு அறை விடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் அவள் கேட்டதுதான் என்னை ஆட்டிப் பார்த்தது. ஊர் மிரட்டியபோது நான் அசையவில்லை. இப்போது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஒரு தாய் என் காலைப் பிடிக்கிறாள். கையை வைத்து எடுத்தால் அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன். சாத்தான் கொம்போடு வருவான் என்று காத்திருந்தவளுக்கு இப்படியா வரவேண்டும்?

யோசித்துப் பார்த்தால், அந்தக் கம்பெனியில் அன்றைக்குச் சூடத்துக்குக் கை நீட்டாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அவளுடைய சாமிக்குப் பயந்தாள். நான் என் ஆண்டவருக்குப் பயந்தேன்.

"என்னால முடியாது பஞ்சு," என்றேன். "ஆனா ஒன்னையும் காட்டிக் குடுக்க மாட்டேன். போ, மூஞ்சியக் களுவு."

வேலை விடும் மணி அடித்தது. மறுபடி எல்லாரும் கூடினார்கள், நான் எல்லைக்கு வெளியே வாளியடியிலேயே நின்றேன். சோலைமலை புதுச் சூடம் ஒன்றைக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கொளுத்தினார். "என்ன முடிவு?"

"அணைக்க மாட்டேன். நான் எடுக்கல."

"நீ எடுக்கலன்னா, அப்ப யாரு எடுத்தா? ஒனக்குத் தெரியுமா?"

நையாண்டியாகத்தான் கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் நான் இல்லையென்றால் இல்லைதான் என்று மத்தியானம் இதே இடத்தில் நின்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவள் நான். இப்போது இருப்பதை இல்லை என்று சொன்னால், மத்தியானம் சொன்ன இல்லைக்கு என்ன மதிப்பு? சூடத்தை அணைத்துவிட்டே போயிருக்கலாமே!

"தெரியும்," என்றேன்.

சோலைமலை சிரிப்பை நிறுத்தினார். "யாரு? சொல்லு."

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

"களவாண்டவ பேச்சு இது!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு பிடி மண் வந்து என் தோளில் விழுந்தது. சோலைமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போத்தா ஒன் தூக்குச்சட்டிய. இனிமே இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கம்பெனிலயும் ஒன்ன ஏத்த மாட்டாக. கள்ளிங்கிற பேரோடதான் போற, தெரிஞ்சுக்க" என்றார்.

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதை தண்ணீர்த் தொட்டியை ஒட்டித்தான் போகிறது. பஞ்சம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தால் எல்லாரும் பார்ப்பார்கள். அவளைக் கடந்து போனேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஆண்டவர் அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னால் அய்யம்மாளின் சத்தம் கேட்டது. "ஏளா பஞ்சம்மா! தீட்டோட எல்லைக்குள்ள வாரியே, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அங்கனயே நில்லு!"

திரும்பினேன். பஞ்சம்மாள் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராய்க் கல்லுக்கு முன்னால் போய்விட்டாள். எரிகிற சூடத்துக்கு முன்னால் முழங்கால் மடங்கி விழுந்தாள்.

"எனக்குத் தீட்டு இல்ல," என்றாள்.

சோலைமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொம்பளைகள் அத்தனை பேருக்கும் அந்த நொடியே விளங்கிவிட்டது. அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சம்மாள் மடியை அவிழ்த்து, உள்ளங்கையில் கண்மலர் இரண்டையும் வைத்து நீட்டினாள். வாங்குவதற்கு யாரும் முன்வரவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைவிட்டு எப்படி நகர்ந்தார்களோ, அப்படியே இப்போது அவளைவிட்டு நகர ஆரம்பித்தார்கள். சுற்றிலும் வெறும் தரை ஆகிவிட்டது, நடுவில் அவள் ஒருத்திதான்.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். மூன்று வருசமாய் நான் மிதிக்காத எல்லை அது. போய் அவள் பக்கத்தில் நின்று, அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து முறைத்தேன். அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் நின்றேன். சூடம் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் தானாகவே எரிந்து அணைந்தது.